ஆள்காட்டி கத்தாத இடம்

ஒரு காட்டோரக் குளக்கரையில் எருமை, வெள்ளாடு, முயல், வாத்து, நாய் என்று பல ஜீவன்கள் ஒற்றுமையாக வாழ்ந்துவந்தன. ஒற்றுமை என்றால் சத்தமே இல்லாத ஒற்றுமை இல்லை. நாலு பாத்திரம் ஒன்றாக இருந்தால் சத்தம் வரத்தானே செய்யும்!

அவற்றில் நாய்களின் பாடுதான் பரிதாபம். நரி வராமல் ராத்திரியெல்லாம் ஒரே இடத்தில் உட்கார்ந்து காவல் காப்பவை அவைதான். ஆனால் பகலில் அவை ஓடி விளையாடினால் முயல்குட்டிகள் மிதிபட்டன, வாத்துக் கூட்டம் சிதறியது. அதனால் விடிந்ததும் குரங்கு வந்து சீந்தில் கொடியால் நாய்களை ஆளுக்கொரு மரத்தில் கட்டிவிடும். நாய்களும், 'நம்மால் யாருக்கும் தொந்தரவு வேண்டாம்' என்று கழுத்தை நீட்டிவிடும். கட்டிக் கட்டிக் கழுத்தில் ரோமம் உதிர்ந்துபோயிற்று. ஓடாமல் கிடந்து கால்கள் மரத்துப்போயின.

ஒருநாள் காலையில் கருப்பாயி நாவல் மரத்தடியில் கூட்டம் போட்டாள். கருப்பாயி அந்தக் கரையிலேயே பெரிய எருமை. யாரையும் முட்டியதில்லை. ஆனாலும் அவள் ஒருமுறை செருமினால் போதும், எல்லோரும் வாயை மூடிக்கொள்வார்கள்.

"நமக்காகக் கண்முழிக்கிறவங்களைப் பகல்ல கட்டிப் போட்டிருக்கோம். இது அடுக்குமா?" என்றாள் கருப்பாயி. "நாய்ங்க கட்டில்லாம ஓடி ஆட ஒரு இடம் விடணும். சுத்தி முள்வேலி போட்டுடலாம். வேலிக்கு உள்ளே அவங்க இஷ்டம், வெளியே நம்ம இஷ்டம். என்ன சொல்றீங்க?"

"நல்ல யோசனை!" என்றது வெள்ளாடு.

"ரொம்ப நல்ல யோசனை!" என்றது முயல்.

"இதைவிட நல்ல யோசனை உண்டா!" என்றது வாத்து.

"அப்போ எந்த இடத்தை விடலாம்?"

அவ்வளவுதான்! வெள்ளாடு அசைபோடுவதுபோல் பாவனை செய்தது. வாத்து இறகுக்குள் மூக்கை நுழைத்துக்கொண்டது.

"எங்கே வேணும்னாலும் விடுங்கக்கா. என் வளைகிட்ட மட்டும் வேண்டாம்," என்று முயல் முணுமுணுத்தது.

"என் தண்ணிகிட்ட வேண்டாம்!"

"என் புல்லுகிட்ட வேண்டாம்!"

கருப்பாயிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சரிதான்! இடம் கொடுக்க எல்லாருக்கும் மனசு இருக்கு. இடம்தான் இல்லை! நான் ஒரு வழி சொல்றேன். எல்லாரும் சேர்ந்து போவோம். ஒவ்வொரு இடமா நின்னு பார்ப்போம். அங்கே யாருக்காவது குடி இருந்தா, குஞ்சு குட்டி இருந்தா, குரல் கொடுங்க. கொடுத்தா அந்த இடம் வேண்டாம். பிள்ளைக்காரிங்களை நிறுத்திவெச்சு விசாரிக்கவும் மாட்டோம். எந்த இடத்திலே யாரும் குரல் கொடுக்கலையோ, அதுதான் நாய்ங்க திடல். சம்மதமா?"

"சம்மதம்!" என்று எல்லோரும் கத்தினார்கள்.

தண்ணீர் ஓரத்தில் வயிற்றை நனைத்துக்கொண்டிருந்த சிவந்திக்கு மட்டும் நெஞ்சு திக்கென்றது.

சிவந்தி ஓர் ஆள்காட்டிப் பறவை. நீண்ட மஞ்சள் கால்கள், கண்ணுக்கு முன்னால் சிவப்புத் தோல். ஆள்காட்டிகள் மரத்தில் கூடு கட்டுவதில்லை. ஓடைக்கு அப்பால் இருந்த கல்லாங்காட்டில், வெறும் தரையில், கூழாங்கற்களுக்கு நடுவே நான்கு முட்டைகள் இட்டிருந்தாள். கல் எது, முட்டை எது என்று அவளே சில சமயம் உற்றுப்பார்க்க வேண்டியிருக்கும். வெயிலில் முட்டை வெந்துவிடக்கூடாதே என்று அவளும் அவள் வீட்டுக்காரனும் மாற்றி மாற்றிக் குளத்துக்கு வந்து, வயிற்று இறகை நனைத்துக்கொண்டு போய் முட்டைகளைக் குளிர வைப்பார்கள். போன தடவை இட்டவற்றைக் காக்கை தூக்கிப்போய்விட்டது. ஒன்றுகூட மிஞ்சவில்லை. இந்த நான்கும் பிழைக்கவேண்டும் என்பதுதான் அவளுக்கு மூச்சுக்கு மூச்சு வேண்டுதல்.

படைத்தவன் அவளுக்குக் கொம்பு கொடுக்கவில்லை, கோரைப்பல் கொடுக்கவில்லை. குரலைக் கொடுத்திருந்தான். யாராவது முட்டைப் பக்கம் வந்தால் அவள் சத்தமில்லாமல் நழுவுவாள். தரையோடு தரையாக ஓடி, வெகுதூரம் போய் எழும்பி, 'இங்கே! இங்கே!' என்பதுபோல் கத்துவாள். வந்தவன் அங்கேதான் முட்டை என்று நம்பி அந்தப் பக்கம் ஓடுவான். அங்கே ஒன்றும் இருக்காது! முட்டை இருக்கும் இடத்தில் மௌனம், இல்லாத இடத்தில் கூப்பாடு. இதுதான் ஆள்காட்டிக் குலத்தின் வித்தை.

சிவந்தி பறந்துபோய்க் கூட்டத்தில் பேசியதையெல்லாம் வீட்டுக்காரனிடம் சொன்னாள். "கேட்டீங்களா? நாய்ங்களுக்கு இடம் பார்க்கக் கிளம்பிட்டாங்க! இங்கேயும் வருவாங்க!"

"வரட்டுமே. 'இங்கே முட்டை இருக்கு'ன்னு சொல்லிடு. சொன்னா விட்டுடுவோம்னு கருப்பாயி அக்காதான் சொல்லிட்டாங்களே!"

"உங்களுக்கென்ன, சுலபமா சொல்லிட்டீங்க! காக்கை காதிலே விழுந்தா என்ன ஆகிறது? நாய்கிட்டயே போய் முட்டை இருக்கிற இடத்தைச் சொல்ற ஆள்காட்டி உலகத்திலே உண்டா? நம்ம வித்தை எதுக்கு இருக்கு? நான் அவங்களை வேற பக்கம் இழுத்துவிடறேன், பாருங்க!"

வீட்டுக்காரன் பெருமூச்சு விட்டான். "உன் வாய்க்கு முன்னாடி நான் என்னைக்கு ஜெயிச்சேன்!" என்று முட்டைகள்மேல் அமர்ந்துகொண்டான்.

இடம் பார்க்கும் ஊர்வலம் புறப்பட்டது. நாய்களின் சார்பில் செவலையை அவிழ்த்துக் கூட்டிவந்தார்கள். செவலை, நாய்களுக்கெல்லாம் மூத்தவள். எதைக் கண்டாலும் மூக்கை வைத்துப் பார்த்து, 'இது ஏன் இப்படி?' என்று கேட்காவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது.

முதலில் புங்கமரத் தோப்பு. "இங்கே என் குட்டிங்க இருக்கு!" என்று முயல் காலைத் தட்டியது. சரி, வேண்டாம்.

அடுத்தது குளத்துமேட்டுப் புல்வெளி. "இது எங்க பிள்ளைங்க நடை பழகற இடம்!" என்று வாத்து கழுத்தை நீட்டியது. அதுவும் வேண்டாம்.

மூன்றாவது, தண்ணீர் திசைமாறிப்போன பழைய ஓடை. மெத்தை போட்டதுபோல் மணல். இரு பக்கமும் நிழல். செவலை முன்காலால் மணலைக் கிளறிப் பார்த்தாள். உள்ளே குளுகுளுவென்று இருந்தது.

"அடேயப்பா! இதிலே விழுந்து புரண்டா எப்படி இருக்கும்!" என்றாள். அவள் வால் தானாக ஆடியது.

எல்லோருக்கும் அந்த இடம் பிடித்துவிட்டது. "யாருக்காவது சொல்ல வேண்டியது உண்டா?" என்று கருப்பாயி கேட்டாள்.

'இதுதான் சமயம்! இங்கேயே இவர்களை நிறுத்திவிட வேண்டும்!' என்று நினைத்தாள் சிவந்தி. ஜிவ்வென்று எழும்பி, ஓடைக்கு நேர்மேலே வட்டமடித்துக் கத்து கத்தென்று கத்தினாள்.

கருப்பாயி அண்ணாந்து பார்த்தாள். "அடடா! ஆள்காட்டி இந்தக் கத்துக் கத்துறாளே! குடி இங்கேதான் போலிருக்கு. பிள்ளைக்காரி வயித்தெரிச்சல் நமக்கு எதுக்கு? வாங்க, வேற இடம் பார்க்கலாம்!"

ஊர்வலம் ஓடையை விட்டு நகர்ந்தது.

சிவந்திக்கு ஒன்றும் புரியவில்லை. 'இதென்ன அதிசயம்! நரியாக இருந்தால் சத்தம் கேட்ட இடத்துக்கு ஓடிவரும். இவர்கள் சத்தம் கேட்டதும் விலகிப் போகிறார்களே!'

அங்கேயே அவள் கொஞ்சம் நின்று யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை. 'நாம் கத்தினது போதவில்லை போல' என்று நினைத்துக்கொண்டாள்.

செவலை மட்டும் மணலில் மூக்கை வைத்தபடி பின்தங்கினாள். "ஏன் தங்கச்சி, இந்த மணல்ல உன் வாசமே இல்லையே! அப்புறம் எதுக்குக் கத்தினே?"

"உனக்கு மூக்கு அடைச்சிருக்கு! போய் நல்லா சிந்திட்டு வா!" என்றாள் சிவந்தி.

"அப்படியா?" என்று செவலை தன் மூக்கைத் தானே நக்கிப் பார்த்துக்கொண்டாள். ஆனாலும் 'ஏனாக இருக்கும்?' என்ற கேள்வி அவளை விடவில்லை.

நான்காவது, பனைமரத்து மேடு. இந்தத் தடவை சிவந்தி கத்தியதோடு விடவில்லை. சர்ரென்று இறங்கி வெள்ளாட்டின் தலையை உரசிக்கொண்டு பறந்தாள்.

"ஐயையோ, என் கொம்பு! என் கொம்பு!" என்று வெள்ளாடு கருப்பாயியின் வயிற்றுக்கு அடியில் புகுந்துகொண்டது.

"உன் கொம்பு உன் தலையிலேயேதான் இருக்கு, வெளியே வா!" என்றாள் கருப்பாயி. "பாவம், ரொம்பப் பயந்துபோயிருக்கா. இந்த மேட்டுக்கும் அவளுக்கும் ஏதோ இருக்கு. நமக்கு வேண்டாம்."

மேட்டைத் தாண்டினால் கல்லாங்காடு!

ஊர்வலம் வருவதைக் கண்டதும் சிவந்தியின் வீட்டுக்காரன் வழக்கப்படி சத்தமில்லாமல் நழுவினான். சிவந்தியும் ஒரு பாறைக்குப் பின்னால் நின்றுகொண்டாள். எருமையின் குளம்பு முட்டைகளுக்குப் பக்கத்தில் பதிந்தபோது அவள் உயிர் போய் உயிர் வந்தது.

"யாருக்காவது சொல்ல வேண்டியது உண்டா?" என்று கருப்பாயி கேட்டாள். சுற்றும் முற்றும் பார்த்து இன்னொரு தரமும் கேட்டாள்.

ஒரே ஒரு வார்த்தை! சொல்லியிருந்தால் தீர்ந்தது. வார்த்தை சிவந்தியின் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆனால் முட்டை இருக்கும் இடத்தில் மௌனம் என்பது அவள் ரத்தத்தில் ஊறிய பழக்கமாயிற்றே! அலகு பூட்டியது பூட்டியபடியே இருந்தது.

செவலை அவளிடம் வந்தாள். "அங்கே அவ்வளவு கத்தினியே, இங்கே ஏன் சும்மா நிக்கறே?"

"இங்கே எனக்கென்ன வேலை? வழியிலே நின்னேன், அவ்வளவுதான்!"

"அப்போ இதுதான் நாய்ங்க திடல்!" என்றாள் கருப்பாயி. எல்லோரும் ஆரவாரம் செய்தார்கள்.

அன்றே வேலி வேலை ஆரம்பமாயிற்று. முள்ளம்பன்றிதான் மேஸ்திரி. முள்ளைப் பற்றி அவனைவிட யாருக்குத் தெரியும்? கருப்பாயி கருவேல முள்ளை இழுத்துவந்து போட்டாள். வெள்ளாடு அதை ஒழுங்காக அடுக்கவேண்டும்.

"ஏ வெள்ளாடு! வேலியைப் போடச் சொன்னா வேலியைத் திங்கறியே!" என்று மேஸ்திரி அதட்டினான்.

"சும்மா ருசி பார்த்தேன் அண்ணே! நல்ல முள்ளா இல்லையான்னு தெரிய வேண்டாமா?"

எல்லோரும் சிரித்தார்கள். வேலிக்கு உள்ளே உட்கார்ந்திருந்த சிவந்திக்குச் சிரிப்பு வரவில்லை. "கடவுளே, ஒரு மழையைக் கொடு. இந்த வேலை நின்னுபோகட்டும்," என்று வேண்டினாள். வானம் துடைத்துவைத்தது போல் இருந்தது.

"கடவுள்கிட்ட கேக்கறது சரிதான்," என்றான் வீட்டுக்காரன். "அவர் உனக்கு வாய் கொடுத்திருக்காரே! முட்டை இருக்கிற இடத்திலே அதைத் திறந்தா ஆகாதா?"

"இப்போ எப்படிச் சொல்றது? பாதி வேலி போட்டாச்சு. 'இவ்வளவு நேரம் எங்கே போயிருந்தே'ன்னு கேக்க மாட்டாங்களா? நாய்ங்க வந்தா மூலையிலே நின்னு கத்தறேன். எல்லாம் அந்தப் பக்கம் போயிடும்."

மறுநாள் வெயில் ஏறுமுன் நாய்களை உள்ளே கூட்டிவந்தார்கள். குரங்கு ஒவ்வொரு முடிச்சாக அவிழ்த்தது. வேலிக்கு வெளியே எல்லோரும் வேடிக்கை பார்க்கக் கூடி நின்றார்கள்.

அவிழ்த்துவிட்ட பிறகும் நாய்கள் நகரவில்லை! பகலென்றால் கொடி இழுக்கும் இழுக்கும் என்று நினைத்தபடி நின்ற இடத்திலேயே நின்றன. செவலை ஓர் அடி வைத்தாள். இழுக்கவில்லை. இன்னோர் அடி வைத்தாள். அப்போதும் இழுக்கவில்லை.

"ஏய்! இழுக்கலே!" என்று கத்திக்கொண்டு ஓட்டமெடுத்தாள்.

மற்ற நாய்களும் பாய்ந்தன. காது பறக்க, நாக்கு தொங்க, ஒன்றன்மேல் ஒன்று விழுந்து புரண்டன. வெளியே நின்ற முயலே கைதட்டியது. ஒரு கணம் சிவந்திகூட முட்டையை மறந்து, 'ஓடுவதில் இவ்வளவு சந்தோஷமா இதுகளுக்கு!' என்று வாய்பிளந்து பார்த்தாள்.

மறுகணம் நினைவு வந்தது. பறந்துபோய்க் கிழக்கு மூலையில் நின்று கத்தினாள்.

"யாரோ நம்மை விளையாடக் கூப்பிடறாங்கடா!" என்றது ஒரு கறுப்பு நாய்.

மொத்தக் கூட்டமும் கிழக்கு மூலைக்குப் பாய்ந்தது. சிவந்தி மேற்கு மூலைக்குப் பறந்து கத்தினாள். கூட்டம் மேற்கே ஓடியது. அவள் இடம் மாற மாற அதுகளுக்கு ஒரே கொண்டாட்டம்! அவள் கத்தாமல் இருந்திருந்தால் எங்கேயாவது ஒரு பக்கம் உருண்டுகொண்டிருந்திருக்கும். இப்போது குறுக்கும் நெடுக்குமாகக் கல்லாங்காடு முழுக்க நாய்க்கால்தான். நடுவிலோ முட்டைகள்!

வீட்டுக்காரன் இந்தத் தடவை நழுவவில்லை. முட்டைகள்மேல் சிறகை விரித்து, கண்ணை மூடிப் படுத்துவிட்டான். நாய்கள் அவனுக்கு நேராக வந்துகொண்டிருந்தன. முன்னால் செவலை!

சிவந்தி கல் விழுவதுபோல் வானத்திலிருந்து விழுந்தாள். செவலையின் மூக்குக்கு நேரே, முட்டைகளுக்கு முன்னால், இரண்டு சிறகையும் விரித்து நின்றாள்.

"நில்லுக்கா! முட்டை இங்கே இருக்கு! என் முட்டை இங்கேதான் இருக்கு!"

முட்டை இருக்கும் இடத்தில் நின்று அவள் கத்தியது, பிறந்ததிலிருந்து அதுதான் முதல் தடவை.

செவலை நான்கு காலையும் ஊன்றினாள். புழுதி பறந்தது. பின்னால் வந்தவை நிற்கவில்லை. எத்தனையோ நாள் கட்டுண்டு கிடந்த கால்கள், சொன்னவுடன் நிற்குமா? செவலை அப்படியே குறுக்கே படுத்துவிட்டாள். நாய்கள் வந்து அவள்மேல் மோதி உருண்டன. "அம்மா!" என்று முனகினாளே தவிர, அவள் எழுந்திருக்கவில்லை. கறுப்பு நாயின் முன்கால் வீட்டுக்காரனின் வால் இறகை ஒட்டி வந்து நின்றது.

புழுதி அடங்கியது.

"எங்கே முட்டை? கல்லுதானே கிடக்கு?" என்றது கறுப்பு நாய்.

வீட்டுக்காரன் மெல்ல எழுந்து நகர்ந்தான். நாய்களெல்லாம் வட்டமாகக் கூடி, தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தன. இது கல்லா, அது கல்லா என்று அதுகளுக்கு ஒரே ஆச்சரியம். கறுப்பு நாய் மூக்கை நீட்டி ஒன்றைத் தொட்டது. சிவந்தி கண்களை இறுக மூடிக்கொண்டாள்.

"இது இளஞ்சூடா இருக்கு!" என்றது அது ரகசியமாக. உடனே இரண்டு அடி பின்னால் போய் உட்கார்ந்துகொண்டது. மற்றவையும் உட்கார்ந்தன.

வேலியை விலக்கிக்கொண்டு கருப்பாயி உள்ளே வந்தாள். "ஏன்டி சிவந்தி, இத்தனை தரம் கேட்டேனே! ஓடையிலே கத்தினே, மேட்டிலே கத்தினே, முட்டை இருக்கிற இடத்திலே மட்டும் வாயைத் தைச்சுக்கிட்டியே, ஏன்?"

"எனக்குத் தெரிஞ்ச வித்தை அது ஒண்ணுதான்க்கா," என்று அழுதாள் சிவந்தி. "அங்கே கத்தினா எல்லாரும் அங்கேயே நிப்பீங்கன்னு நினைச்சேன். நரிங்க அப்படித்தான் செய்யும்."

"நரி உன் முட்டைக்காக வருது. நாங்க உன் முட்டைக்கு ஒண்ணும் ஆகக்கூடாதுன்னு வந்தோம். அவனுக்குக் காட்டற வித்தையை எங்களுக்குக் காட்டினா, நாங்க எங்கே போய் நிப்போம்? உன் முட்டைமேலேயேதான் வந்து நிப்போம்!"

"காக்கை காதிலே விழுந்துடுமோன்னு..."

"விழட்டுமே! காக்கையைப் பார்த்துக்க நாங்க இத்தனை பேர் இருக்கோமே!"

அப்போது செவலை, அடிபட்ட விலாவை நக்கிக்கொண்டே துள்ளி எழுந்தாள். "அப்போ அந்த மணல்ல நான் மோந்தது சரிதான்! என் மூக்கு அடைக்கலே!" அவள் முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சி.

"அடைச்சிருந்தது என் புத்திதான்க்கா," என்றாள் சிவந்தி.

இனி என்ன? வேலியைப் பிரித்து ஓடைக்குக் கொண்டுபோக வேண்டியதுதான். "மறுபடியும் முள்ளா!" என்று வெள்ளாடு தலையில் கைவைக்காத குறை. எல்லோரும் நாய்களைப் பார்த்தார்கள். அதுகள் ஓடியது கொஞ்ச நேரம்தான். வேலி இல்லாமல் அவிழ்த்துவிடவும் முடியாது. யார் இதை அதுகளிடம் சொல்வது?

யாரும் சொல்லவேண்டியிருக்கவில்லை. செவலை தானே குரங்கின் முன்னால் போய்க் கழுத்தை நீட்டினாள். "வேலி ஓடைக்குப் போறவரைக்கும் கட்டிடு தம்பி. அந்த இளஞ்சூடு ஆறிடக்கூடாது." அவளுக்குப் பின்னால் ஒவ்வொரு நாயாக வந்து கழுத்தைக் கொடுத்தது.

அதைப் பார்த்த சிவந்திக்கு நெஞ்சு உருகிவிட்டது. நாய்கிட்டயா சொல்வது என்று கேட்டவள் அல்லவா அவள்! வீட்டுக்காரனை முட்டைகள்மேல் உட்கார வைத்துவிட்டு, தன் சின்ன அலகில் பிடிக்கிற முள்ளையெல்லாம் ஒவ்வொன்றாக ஓடைக்குச் சுமந்தாள்.

பொழுது சாய்வதற்குள் ஓடையைச் சுற்றி வேலி எழும்பிவிட்டது. அவிழ்ப்பதற்கு முன்னால் கருப்பாயி வழக்கம்போல் கேட்டாள். "இந்த இடத்திலே யாருக்காவது சொல்ல வேண்டியது உண்டா?"

எல்லோருடைய கண்ணும் சிவந்தியின் பக்கம் திரும்பியது.

சிவந்தி முன்னால் வந்தாள். கத்தவில்லை. "இங்கே எனக்கு ஒண்ணும் இல்லக்கா. என் பிள்ளைங்க கல்லாங்காட்டிலே, பிளந்த பாறைக்குத் தெற்கே இருக்கு. அந்தப் பக்கம் போறவங்க பார்த்து நடங்க," என்று எல்லோர் காதிலும் விழும்படி சொன்னாள்.

குரங்கு முடிச்சுகளை அவிழ்த்தது. நாய்கள் மணலில் பாய்ந்தன.

பகைவனை ஏய்க்கும் தந்திரத்தை நமக்கு நல்லது நினைப்பவர்களிடம் காட்டினால் கேடு நம் வீட்டுக்கே வரும், ஆதலால் நல்லவர்கள் கேட்கும்போது நம் கஷ்டத்தை உள்ளது உள்ளபடி வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும்.